வேண்டுதல் ஏதாவது பாக்கி இருக்குங்களா?

ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, மேடையில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். இரண்டு வார்த்தையோடு நான் நிறுத்தமாட்டேன் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போன மாதம் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அனுபவித்தார்கள். எல்லாம் முடிந்து காப்பி குடிக்கும்போது, புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்தாள்.

"மேடம், கண் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பறப்ப, கோயில்ல வேண்டுதல் ஏதாவது பாக்கி இருக்குங்களான்னு பேஷண்ட்டைக் கேக்கச் சொல்றாங்க. அது எதுக்குங்க? நான் படிச்ச எடத்துல யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க. எனக்குச் சிரிப்பு வந்துருதுங்க."

சிரிக்கட்டும். இப்போது லென்ஸை வெற்றிலை மாதிரி மடித்து ஊசிக்குள் வைத்துத் தள்ளுகிறார்கள். கண்ணுக்குள் போய் அதுவாக விரிந்துகொள்கிறது. தையல் கிடையாது, கட்டு கிடையாது, காலையில் வந்தவர் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார். அந்தக் கேள்வி மட்டும் பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதைக் கேட்க ஆரம்பித்தவளே நான்தான். காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தன்னடக்கம் வராது. கண்புரை ஆபரேஷனில் என் கை நல்ல கை. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே என் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. வீட்டில் முறுக்குப் பிழிந்தால் ஒன்றும் வட்டமாக வராது, அது வேறு விஷயம்.

துடியலூரில் பிறந்து, கோயமுத்தூரிலேயே டாக்டருக்குப் படித்து, கண் மருத்துவமும் முடித்தேன். படிப்பில் நான் பெரும்பாலும் செய்து பழகியது பழைய ஆபரேஷன். கண்ணுக்குள் வெளுத்துப்போன லென்ஸை உறையோடு முழுசாக எடுத்துவிட்டு, சோடா புட்டிக் கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்புவோம். அதைப் போட்டவர்களுக்குப் படி எது, தரை எது என்று தெரியாது. பக்கவாட்டில் வருகிற சைக்கிள் திடீரென்று முளைத்தது போல முன்னால் வந்து நிற்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, உறையின் பின்பக்கத்தை மட்டும் விட்டுவைத்து, அதற்குள் பிளாஸ்டிக் லென்ஸைப் பொருத்துகிற முறை எங்கள் பக்கம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பெரிய டாக்டர்.

அவர் மில்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைவிட நல்ல கொங்குத் தமிழ். உயரமான மனிதர், தாழ்ந்த குரல். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லுவார். எங்கே ஊசி போடுவேன், எங்கே கீறுவேன், என்ன வைப்பேன், என்னென்ன கெட்டுப்போகலாம் என்பதுவரை. அந்தக் காலத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். "சும்மா படுங்க, ஒண்ணும் ஆகாது" என்பதுதான் வழக்கம். வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும், எனக்குக் கால் பரபரக்கும்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏனுங்க சார், பயந்து எந்திரிச்சு ஓடிட்டா?"

"ஓடறவங்க ஓடட்டும். சொல்லிப்போட்டுச் செய்யோணும் அம்மணி. செஞ்சுபோட்டுச் சொன்னா அது சமாளிப்பு" என்றார்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் அவருக்கு ஒரு முறை உண்டு. லென்ஸை டப்பாவிலிருந்து எடுத்ததும், மைக்ராஸ்கோப்பின் கீழே பிடித்து இரண்டு பக்கமும் பார்ப்பார். பொட்டுத் தூசி இருக்கக்கூடாது. உப்புநீரில் அலசுவார். பிறகு சத்தமாக, "யாருது? எந்தக் கண்ணு? என்ன பவர்?" என்று கேட்பார். சிஸ்டர் பதில் சொல்லவேண்டும், நான் சொல்லவேண்டும், துணிக்கடியில் படுத்திருக்கிற நோயாளியும் தன் பேரைச் சொல்லவேண்டும். மூன்றும் ஒத்துவந்தால்தான் லென்ஸ் கண்ணுக்குள் போகும். கோபம் வந்தால் கத்தமாட்டார். 'அம்மணி' என்று கூப்பிடுகிறவர் 'டாக்டர்' என்று கூப்பிட்டுவிடுவார். அந்த மரியாதை வந்தால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

கோட்டைமேட்டில் கண்ணாடிக்கடை வைத்திருந்த பாய் ஒருவரைச் சொல்லாமல் இருக்கமுடியாது. எங்கள் நோயாளிகளுக்கெல்லாம் சோடா புட்டிக் கண்ணாடி செய்து கொடுத்தவர் அவர்தான். என்னைக் கண்டாலே வம்புக்கு இழுப்பார். "ஏனுங்க டாக்டரம்மா, கண்ணுக்குள்ளயே கண்ணாடியை வெச்சுப்போட்டா நாங்க எங்கீங்க போறது?" என்பார். கடைசியில் அவருக்கே புரை முற்றி, என்னிடமே வந்து படுத்தார். பாதியில் உறையின் பின்பக்கம் கிழிந்துவிட்டது. கண்ணின் உள்ளே இருக்கிற கூழ் அந்தக் கிழிசல் வழியாக எட்டிப் பார்த்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர், "நிறுத்து. மூச்சு விடு. இப்பச் செய்" என்றார், அவ்வளவுதான். கூழைச் சுத்தமாக வெட்டி எடுத்து, மிச்சமிருந்த உறை விளிம்பின் மேல், கருவிழித்திரைக்குப் பின்னால் லென்ஸை உட்காரவைத்தேன். மறுநாள் கட்டைப் பிரித்து எழுத்துப் பலகையைக் காட்டினால், மனிதர் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். நான் பூரித்துப்போனேன். "அட சந்தோசப்படாதீங்கம்மா, இந்தப் போர்டு எனக்கு மனப்பாடம். வேற போர்டு கொண்டாங்க" என்றார். வேறு பலகை கொண்டுவந்து வைத்தோம். அதையும் படித்தார்.

இப்படிக் கிழிந்ததும் நழுவியதும் நிறையப் பார்த்திருக்கிறேன், சமாளித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குக் காரணமானவர் ராமாத்தாள்.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். அறுபது வயதுக்கு மேல். மகன் செல்வராசு கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். இடது கண் வெள்ளையாக இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் வேறு எங்கோ ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்த கண் அது. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். மங்கிப்போன கருவிழிக்குப் பின்னால், கருவிழித்திரைக்கு முன்பக்கமாக, லென்ஸின் வளைந்த கால் தெரிந்தது. ஒரு காலத்தில் நல்லது என்று நம்பி ஊர் உலகமெல்லாம் வைத்த லென்ஸ் வகை அது. கண்ணுக்குள் முன்னால் உட்கார்ந்து, கருவிழியை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து, கடைசியில் வெளுக்க வைத்துவிடும். தெரிந்தபின் அந்த வகையைக் கைவிட்டார்கள். வைத்த கண்கள் வைத்தபடி இருந்தன.

"அந்தக் கண்ணு ஏனுங்க போச்சு?" என்று ராமாத்தாள் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான். "ஏன் போச்சா? சொட்டு மருந்து ஒழுங்காப் போடாம, அடுப்படியில நின்னு நீயே கெடுத்துப்போட்டே. அன்னிக்கு அந்த டாக்டரே சொன்னாருல்ல?"

பெரிய டாக்டர் குனிந்து சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "பழசை விடுங்கம்மா. இருக்கற கண்ணைப் பாப்போம்" என்றார். இன்னொரு டாக்டர் செய்த வேலையைப் பற்றி நோயாளியிடம் பேசுவதில்லை என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். எல்லாவற்றையும் சொல்லுகிற அந்த மனிதரும் அந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

வலது கண்ணில் நான்தான் லென்ஸ் வைத்தேன். அருமையாக வந்தது. கட்டைப் பிரித்ததும் ராமாத்தாள் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்து, "ஏங்கண்ணு, தலையெல்லாம் நரைச்சுப்போச்சேடா?" என்றார். செல்வராசு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அனுப்பும்போது நான் வழக்கமாகச் சொல்லுகிற எல்லாவற்றையும் சொன்னேன். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, புகையில் நிற்கக்கூடாது. அந்தக் காலத்துக் கீறல் பெரிது, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்திருப்போம். ராமாத்தாள் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார்.

வாரம் திரும்புவதற்குள் மகன் அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, இமை வீங்கி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். தையல் இரண்டு அறுந்திருந்தது. அந்த இடைவெளியில் கருவிழித்திரையின் ஒரு துணுக்கு வெளியே நாக்கு நீட்டியது. வட்டமாக இருக்கவேண்டிய கண்பாப்பா மேல்பக்கமாக இழுத்துக்கொண்டு கோணலாக இருந்தது. திரைக்குப் பின்னால் நான் வைத்த லென்ஸின் ஒரு விளிம்பு முன்னால் வந்து மாட்டியிருந்தது. உள்ளே கலங்கலாகவும் இருந்தது.

கலங்கல் என்றாலே எங்களுக்கு ஒரே பயம்தான். கண்ணுக்குள் கிருமி. கிருமி என்றால் இந்த ஒரு கண்ணோடு போகாது, அதே நாள் அதே மேசையில் படுத்த எல்லோரையும் திரும்பக் கூப்பிடவேண்டும், தியேட்டரை மூடவேண்டும். இந்த அம்மாளுக்கோ இருப்பதே அந்த ஒரு கண்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "தியேட்டரை ரெடி பண்ணுங்க டாக்டர். உள்ள தண்ணி எடுத்துப் பாத்துட்டு, சந்தேகம்னா லென்ஸை எடுத்துடலாம்" என்றார்.

'டாக்டர்'. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் விடவில்லை.

"சார், விளக்கடிச்சா உள்ள இருந்து சிவப்பு வெளிச்சம் நல்லாத் திரும்பி வருது. சீழ் கட்டலை. விரலைக் காட்டினா எண்ணறாங்க. கிருமி தையலை அறுக்காதுங்க. இது யாரோ அடிச்ச கண்ணு, இல்ல கசக்கின கண்ணு."

"அப்ப என்ன நடந்துச்சுன்னு கேளு. தெரியாம நான் லென்ஸை விட்டுவைக்க மாட்டேன்."

கேட்டேன். ராமாத்தாள், "ஒண்ணுமில்லீங்க, தானா வந்துருச்சுங்க" என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். நான் மகனைப் பிடித்துக்கொண்டேன். வந்ததிலிருந்து அம்மாவை அதட்டிக்கொண்டே இருந்தவன் அவன்தானே.

"ஏப்பா, உண்மையைச் சொல்லு. அம்மா மேல கை வெச்சியா?"

செல்வராசுவுக்கு முகம் செத்துப்போனது. "ஏனுங்க, பெத்தவளை நான் அடிப்பனுங்களா? தோப்புல இருந்து வந்து பாத்தா இப்படி உக்காந்திருக்குது. கேட்டா வாயே தொறக்கலீங்க."

"கை வைக்காம தையல் எப்படியப்பா அறும்? போலீசுக்குச் சொல்லட்டுமா?"

கேட்டது கேட்டதுதான், இன்றைக்கும் கேட்பேன். ஆனால் அந்தக் கேள்விதான் ராமாத்தாளை உடைத்தது. "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க சாமி! அவனுக்குத் தெரியாது" என்று கையை நீட்டி என்னைத் தடுத்தார். அதுவரை ஈரத்துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்த கை. உள்ளங்கை இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. நெடி என் மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிட்டது. மிளகாய்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் புரிந்திருக்கும். அநியாயம் நடந்துவிட்டால், நியாயம் கேட்டு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய், மிளகாய் அரைத்து அங்கே இருக்கிற கல்லில் பூசிவிட்டு வருவார்கள். நகை தொலைந்தால், வாக்கு மாறினால், வீண்பழி வந்தால். கண் தெரியாதவரை ராமாத்தாளால் தனியாகப் போகமுடியவில்லை. தெரிந்ததும் முதல் வேலையாக, யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறிப் போயிருக்கிறார். குனிந்து, உடம்பெல்லாம் அழுத்தி அரைத்திருக்கிறார். நெடியில் கண்ணில் தண்ணீர் வர, மிளகாய்க் கையாலேயே கசக்கிவிட்டார்.

"குனியக்கூடாதுன்னு சொன்னேனுங்களே அம்மா" என்றேன்.

"அது ஊட்டு வேலைக்குன்னு நெனச்சனுங்க. சாமி காரியத்துக்குமுங்களா?"

பெரிய டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரு மேல அரைச்சீங்கம்மா?"

"வெளிய சொல்லக்கூடாதுங்க."

"சரி, சொல்லவேண்டாம்."

ராமாத்தாள் ஈரத்துண்டைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு அவராகவே சொன்னார். "யாரு மேலன்னு எனக்கே தெரியாதுங்க. அந்தக் கண்ணு போனது யாரு தப்புன்னு காட்டு ஆத்தான்னுதான் அரைச்சனுங்க. அந்த டாக்டரு என்ற தப்புன்னாரு. இவங்கய்யன் சாகறவரைக்கும் அதையே சொன்னாரு. இவனும் அதையே சொல்றான். நான் ஒரு வேளை மருந்து விட்டதில்லீங்க. என்ற தப்பாவே இருந்தாலும் சரி, தெரிஞ்சாப் போதுமுங்க."

செல்வராசு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பெரிய டாக்டரைப் பார்த்தேன். அவர் ராமாத்தாளின் எரிகிற கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்க தப்பு இல்லீங்கம்மா" என்றார். "நீங்க மருந்து போட்டிருந்தாலும் போயிருக்கும், போடாம இருந்தாலும் போயிருக்கும். அந்தக் கண்ணுல வெச்ச லென்ஸோட வகையே தப்பு. அப்ப எங்களுக்குத் தெரியலை. நல்லதுன்னு நம்பி வெச்சோம். நானும் வெச்சிருக்கறேன். நான் வெச்சதுலயும் அப்படிக் கண்ணு போயிருக்குது. நீங்க மொத நாள் கேட்டப்பவே நான் சொல்லியிருக்கோணும். சொல்லாதது என்ற தப்பு." பிறகு தலையைத் தூக்கி, "ஏம்ப்பா, காதுல விழுந்துச்சா?" என்றார்.

செல்வராசு, "விழுந்துச்சுங்க" என்றான்.

ராமாத்தாள் அழவில்லை. இரண்டு மூன்று முறை தலையை ஆட்டிக்கொண்டார். "இத்தனை சீக்கிரம் பதில் வருமுன்னு நான் நெனைக்கலீங்க" என்றார்.

உடனே பெரிய டாக்டர் பழைய மனிதராகிவிட்டார். இந்தக் கண்ணில் இப்போது என்ன ஆகியிருக்கிறது, என்ன செய்யப்போகிறோம், எது கைவிட்டுப் போகலாம் என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து எழுந்து, "லென்ஸை விட்டுவைக்கறோம். நீயே பண்ணு அம்மணி" என்றார்.

கண்ணை மரத்துப்போக வைத்து, மிளகாயின் சுவடு இல்லாமல் கழுவினேன். சந்தேகத்துக்கு உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். வெளியே நீட்டிய திரையைக் கிருமி மருந்து கலந்த உப்புநீரில் அலசிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை, உயிரோடுதான் இருந்தது. ஜெல்லைச் செலுத்தி இடம் உண்டாக்கி, மழுங்கின கம்பியால் அதை அங்குலம் அங்குலமாக அல்ல, மயிரிழை மயிரிழையாக உள்ளே தள்ளினேன். இழுத்தால் கிழியும், தள்ளினால் திரும்பிவரும். தடவித்தான் கொடுக்கவேண்டும். பிறகு கொக்கியை லென்ஸின் துளையில் மாட்டிக் கொஞ்சமாகத் திருப்பினேன். முன்னால் வந்த விளிம்பு திரைக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அறுந்த நூலை எடுத்துவிட்டுப் புதுத் தையல் போட்டு, ஜெல்லைக் கழுவி, பாப்பாவைச் சுருக்குகிற மருந்தை விட்டேன். கோணலாக இருந்தது மெதுவாக வட்டமானது. பெரிய டாக்டர் எதிரே இருந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அதுதான் எனக்குப் பத்ம விருது.

ராமாத்தாளை அசையாமல் மல்லாந்து படுக்கச் சொன்னோம். அவருக்குப் பக்கவாட்டில் சுருண்டு படுத்துத்தான் பழக்கம். நான் போகும்போதெல்லாம் திரும்பிப் படுத்திருப்பார். "உங்க மாசாணியாத்தா எப்படிப் படுத்திருக்குது? அப்படியே படுங்க" என்றேன். அந்த அம்மன் மல்லாந்து படுத்த கோலம்தான். ராமாத்தாள் களுக்கென்று சிரித்துவிட்டார். அதற்கப்புறம் திரும்பவே இல்லை. சோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. கட்டைப் பிரித்தபோது பார்வை முன்பு இருந்த அளவுக்கே வந்திருந்தது. சொட்டு மருந்தை யாரும் சொல்லாமலே செல்வராசு போட்டுவிட்டான். அந்த முரட்டுக் கையால் இமையை எப்படித்தான் அவ்வளவு மெதுவாகப் பிடித்தானோ.

அன்றிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் எல்லோரையும் கேட்க ஆரம்பித்தேன். வேண்டுதல் ஏதாவது பாக்கி இருக்குங்களா? முதலில் சிஸ்டர்களே சிரித்தார்கள். பிறகு பதில்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் அடுத்த வாரம் தீமிதி என்றார். ஒருவர் மொட்டையடித்து ஆற்றில் முங்கவேண்டும் என்றார். கண்ணாடிக்கடை பாய் அனுப்பிவைத்த பெரியவர், தொழுகையில் தரையில் நெற்றி வைக்கலாமா என்று கேட்டார். உட்கார்ந்து தொழுங்கள் என்றேன். அதற்கு இடம் உண்டு என்று அவரே ஒத்துக்கொண்டார். குனியக்கூடாது என்று நாம் சொன்னால், எந்தக் குனிவை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை என்று கேட்டால்தானே தெரியும்? ஆகவே, டாக்டர் பெண்ணே, சிரித்துவிட்டுக் கேள். ஆனால் கேள்.

தையல் பிரிக்க ராமாத்தாள் மகனோடு வந்தார். புதுப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். லென்ஸ் நடுவில் கிண்ணென்று உட்கார்ந்திருந்தது. நூலை எடுத்துவிட்டு, "இனி ஒரு பயமும் இல்லீங்க. வேண்டுதல் ஏதாச்சும் பாக்கி இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. கேட்டதுக்குப் பதில் வந்துருச்சுல்லீங்க? அரைச்சுப் பூசுனவ போய் எண்ணெய் வெச்சு ஆத்தாளைக் குளிர வெக்கோணும்."

"இன்னும் கொஞ்ச நாள் குனியாம இருந்தா நல்லதுங்க" என்று நான் இழுத்தேன்.

"நான் எதுக்குங்க குனியறேன்?" என்றார் ராமாத்தாள். பக்கத்தில் தலை கவிழ்ந்து நின்ற மகனைத் தன் ஒரு கண்ணால் மேலும் கீழும் பார்த்தார். "இவன் வாரானுங்க. குனிஞ்சு எண்ணெய் வெக்கறதெல்லாம் அவன் வெக்கட்டும். நான் நின்னு பாக்கறனுங்க."